முதலையும் வந்த காலை

நான்கு நாள் மழை விட்ட மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கனகாம்பிகையைப் பார்க்க உரும்பிராயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் என்றால் இரண்டே பேர். முத்துக்குமாருவும் அவருடைய மகள் தாரிகாவும்.

கனகாம்பிகைக்கு நாற்பத்து நான்கு வயது. புத்தூரில் குடும்பநல மாதுவாக வேலை. ஊரில் ஒரு பெண்ணின் வயிற்றில் பிள்ளை தங்கினால், அந்தப் பிள்ளை பிறந்து எழுந்து நடக்கும்வரை அந்த வீட்டுப் படலையில் அவளுடைய ஸ்கூட்டர் அடிக்கடி நிற்கும். அவளுக்குக் கலியாணம் பேச வேண்டிய வயதில் சண்டையும் இடப்பெயர்வுமாகப் போயிற்று. பிறகு பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைப் பார்க்க வேண்டியிருந்தது. தகப்பனும் கண்ணை மூடிய பிறகு, "இனி எனக்கென்னத்துக்கு உதெல்லாம்" என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தமையன் சண்முகநாதன் விடவில்லை. அவருடைய மனைவி மகளின் பேறுகாலத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தாள். ஆகவே அன்றைக்கு வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான்.

முத்துக்குமாருவுக்குக் காங்கேசன்துறைத் துறைமுகத்தில், இந்தியாவுக்குப் போகும் கப்பலின் பயணிகள் பகுதியில் வேலை. மனைவி சிறுநீரக வருத்தத்தில் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு வீட்டையும் தெரிந்த ஒருவர் பேச்சைத் தொடக்கிவைத்தார். "முதல்லை வந்து கதைச்சுப் பாக்கிறம். மகளும் வருவா" என்று முத்துக்குமாரு தொலைபேசியில் சொன்னார். அந்த 'மகளும்' என்ற சொல்தான் கனகாம்பிகையின் நித்திரையைக் கெடுத்தது. பிரசவ அறையில் எத்தனையோ இரவுகள் பதறாமல் நின்றவள், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து தன்னைப் பார்க்கப்போகிறாள் என்றதும் காலையிலிருந்து மூன்று சேலையை மாற்றி மாற்றி உடுத்தாள். கடைசியில் வேலைக்குக் கட்டும் பழைய கத்தரிப்பூச் சேலையிலேயே வந்து நின்றாள்.

தாரிகா மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். ஆனால் அதை எங்கும் வைக்கவில்லை. கதிரையில் இருந்தபோதும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அடுத்த நிமிடமே புறப்படப்போகிறவள்போல. மெலிந்த பிள்ளை. தகப்பனின் நெடிய மூக்கு. கனகாம்பிகையைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

"தேத்தண்ணியைக் குடியும் பிள்ளை" என்றார் சண்முகநாதன்.

"வேண்டாம்."

"ஒரு வடையாவது எடும்."

"பசிக்கேல்லை."

"ஏ.எல். சோதினை எடுத்திட்டு இருக்கிறீராம்?"

"ஓம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆண்கள் இருவரும் மின்சாரம் எப்போது போனது என்பதையும், வெங்காயப் பாத்திகள் எவ்வளவு அழிந்தன என்பதையும் கதைத்தார்கள். அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று கனகாம்பிகை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. சற்று நேரத்தில் தாரிகா எழுந்தாள்.

"ரொயிலற் எங்கை?"

"கோடிப்பக்கம். குசினியாலை போகவேணும். வாரும், நான் காட்டுறன்."

"வேண்டாம். நான் பாப்பன்."

தலைக்கவசத்தையும் கையில் எடுத்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகு முத்துக்குமாரு கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார்.

"குறை நினையாதேங்கோ. தாய் போனதிலையிருந்து உப்பிடித்தான். என்னோடையும் கனக்கக் கதைக்கிறதில்லை."

"என்னை அவவுக்குப் பிடிக்கவேணுமெண்டு சட்டமில்லைத்தானே" என்றாள் கனகாம்பிகை. அவருடன் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகு, இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.

தாரிகா திரும்பி வரவில்லை. உள்ளே இருந்து அழுகிறாளாக்கும் என்று கனகாம்பிகைக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். பிறகு, மின்சாரம் இல்லாததால் குழாயில் தண்ணீர் வராது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாசலில் வைத்துவிட்டு வருவோம் என்று எழுந்தாள்.

குசினிக்குப் பின்னால்தான் கோடி. அங்கே ஒரு கிணறு. கிணற்றுக்கட்டை ஒட்டி, உடுப்புத் தோய்க்கும் கல்லும் மார்பளவு உயரமான சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியும். தொட்டியின் மறுபக்கம் தகரக் கூரை போட்ட கக்கூசு. அதற்கும் அப்பால் வாழைகள். வேலி வெள்ளத்தில் சரிந்து கிடந்தது. வேலிக்கு வெளியே வயலெல்லாம் ஒரே தண்ணீராகி, வல்லைப் பக்கத்து நீரேரிவரை ஒரு விரிப்பாகத் தெரிந்தது.

கக்கூசு வாசற்படியோடு ஒரு பனங்குற்றி கிடந்தது. காலையில் இது இருக்கவில்லையே, அண்ணை எப்போது இழுத்துப் போட்டார் என்று யோசித்தபடி கனகாம்பிகை வாளியைத் தொட்டிக்குள் விட்டாள். குற்றியின் நுனியில் ஒரு கண் திறந்தது.

முதலையை அவள் தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கிறாள். மாரி வந்தால் வல்லைப் பக்கம் நாயைப் பிடித்தது, ஆட்டைப் பிடித்தது என்று யாராவது சொல்வார்கள். அது தன் வீட்டுக் கோடிக்குள், தான் தினமும் மிதிக்கும் படியில் வந்து கிடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

வெளிப்பக்கமாகத் திறக்கும் பிளாஸ்ரிக் கதவு அது. ஒரு சாண் திறந்து முதலையின் விலாவில் இடித்து நின்றது. தனியார் பஸ் பிரேக் போட்டு நிற்கும்போது காற்று வெளியேறுமே, அப்படி ஒரு சீறல் கிளம்பியது.

"சாத்தடி கதவை! முதலையடி! சாத்து!"

கதவு படாரென்று மூடிக்கொண்டது. முதலை சுழன்றது. வால் சுவரில் அடித்தது. அவள் கையிலிருந்த வாளி பறந்துபோய்க் கிணற்றுக்குள் விழுந்தது. கனகாம்பிகை தோய்க்கும் கல்லில் எப்போது கால் வைத்தாள், தொட்டியின் மேல்விளிம்பில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு செருப்பு சேற்றில் கிடந்தது.

சத்தம் கேட்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். சண்முகநாதன் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். முதலை அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. அவர் பின்னால் சரிந்து சேற்றில் இருந்துவிட்டார். முத்துக்குமாரு அவருடைய கக்கத்தில் கைகொடுத்து இழுத்து எடுத்தார். பிறகு மண்வெட்டியைத் தான் வாங்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார்.

"அப்பா! வராதேங்கோ! அப்பா, வராதேங்கோ!" உள்ளேயிருந்து தாரிகா அலறினாள். கதவின் கீழ் இடைவெளியால் அவருடைய சப்பாத்து அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முத்துக்குமாருவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. கனகாம்பிகை தொட்டியின் மேலிருந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அங்கையே நில்லுங்கோ. அது வாசலிலை கிடக்கிறமட்டும் கதவு திறக்காது. நாங்கள் கலைக்கப் போய் அது வெருண்டால்தான் ஆபத்து. போன் எடுங்கோ. கெதியா எடுங்கோ."

சண்முகநாதன் சேறு வழியும் கையால் கிராம அலுவலரைக் கூப்பிட்டார். அவர் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே பதில் வந்தது: வழியெல்லாம் வெள்ளம், சுற்றித்தான் வர வேண்டும், ஒருவரும் கிட்டப் போக வேண்டாம்.

முதலை மறுபடி வாசற்படியில் வந்து, முகத்தைக் கிணற்றுப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டது. வளவிலேயே காய்ந்த இடம் அந்தச் சீமெந்துப் படி ஒன்றுதான். கனகாம்பிகைக்கு இறங்க வழியில்லை. இறங்கும் எண்ணமும் இல்லை.

அதற்குள் அயலட்டை எல்லாம் பக்கத்து மதிலில் கூடிவிட்டது. பாதிப் பேர் கையில் போனைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் தடியால் குத்தச் சொன்னார். இன்னொருவர் கல்லைத் தேடினார்.

"ஆராவது ஒரு கல்லைத் தூக்கினால், அவரின்ரை வீட்டுப் பிள்ளையளுக்கு நான் ஊசி போட வரமாட்டன்!" என்று கனகாம்பிகை தொட்டியின் மேலிருந்து கத்தினாள். கல் தேடியவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டிக்கு மேலே, கக்கூசுச் சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்குள்ளால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கனகாம்பிகை முகத்தைச் சுவரோடு வைத்தாள்.

"பிள்ளை."

உள்ளே மூச்சு இன்னும் வேகமாயிற்று.

"தாரிகா. என்ரை குரல் கேக்குதோ?"

"ஓ... ஓம்."

"மூச்சைக் கெதி கெதியா எடுக்காதையும். தலை சுத்தும். மூக்காலை மெதுவா இழும். வாயாலை ஊதும். நான் சொல்லச் சொல்லச் செய்யும். இழும்... ஊதும்... அப்பிடித்தான், நல்ல பிள்ளை. இழும்... இப்ப ஊதும்..."

கொஞ்ச நேரம் இழுத்தலும் ஊதலுமாகப் போனது. பிறகு உள்ளேயிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது.

"அன்ரி, நான் என்ன பிள்ளையா பெறுறன்?"

கனகாம்பிகைக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவருக்குள்ளேயும் ஒரு சிரிப்பு, அழுகையோடு கலந்து, விக்கி விக்கி வந்தது. குசினி வாசலில் நின்ற முத்துக்குமாரு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கனகாலம்.

"அது போட்டுதோ?"

"இல்லை. உம்மடை வாசலிலைதான் படுத்திருக்குது."

"பெரிசோ?"

"பெரிசில்லை."

"பொய்."

"ஓம், பொய்தான். என்னைவிட நீளம்."

"உள்ளுக்கை ஒரு தவளையும் நிக்குது."

"தவளை ஒண்டும் செய்யாது."

"தெரியும். ஆனால் அது என்னையே பாத்துக்கொண்டு நிக்குது. நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறன்."

"நல்லது. கழட்டாதையும்."

வெயில் ஏறத் தொடங்கியது. ஈரச் சேலை காலோடு ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருப்பவள் பேசாமல் விட்டால் பயம் மறுபடி பிடிக்கும் என்று தெரிந்து கனகாம்பிகை எதையாவது கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பாடம் எடுத்தீர், எந்தக் கம்பஸ் கிடைக்கும் என்று நினைக்கிறீர் என்றெல்லாம். தாரிகா முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். பிறகு தானாகவே சொன்னாள்:

"நான் இண்டைக்கு உங்களோடை கதைக்கிறதில்லை எண்டுதான் வந்தனான்."

"தெரியும்."

"உங்களைப் பாத்தவுடனை இன்னும் கோவம் வந்தது."

"ஏன்?"

"நீங்கள் நல்லா வெளிக்கிட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிப்பியள் எண்டு நினைச்சன். அப்பிடியெண்டால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். நீங்கள் வேலைக்குப் போற ஆள்மாதிரி நிண்டியள்."

கனகாம்பிகை தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். மூன்று சேலை மாற்றிக் கடைசியில் உடுத்தது இதுதானே என்று நினைத்தாள். அதைச் சொல்லவில்லை.

"எங்கடை ஹோலிலை அம்மாவின்ரை படம் கிடக்கு" என்றாள் தாரிகா.

"கிடக்கட்டும்."

"நீங்கள் வந்தால்?"

"நான் வந்தாலும் கிடக்கட்டும். நான் வருவனோ எண்டது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் படம் அங்கை முதலே வந்திட்டுது."

சுவருக்குள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கம்பஸ் தூரத்திலை கிடைச்சால் அப்பா தனிய. தனிய விட்டால் மூண்டு நேரமும் பாண்தான் சாப்பிடுவார். அதை நினைச்சால் போக மனம் வருகுதில்லை. இன்னொரு ஆள் வந்து எங்கடை குசினியிலை நிக்கிறதை நினைச்சாலும் ஏலாமக் கிடக்கு. ரெண்டும் ஏலாது. நான் என்ன செய்ய?"

"எனக்கெண்டால் சமைக்கவே தெரியாது பிள்ளை" என்றாள் கனகாம்பிகை. "இந்த வீட்டிலை அண்ணிதான் சமையல். இண்டையான் வடையும் கடை வடை. உம்மடை குசினியிலை நான் நிண்டாலும் பாண் வெட்டத்தான் நிப்பன்."

"அப்பாவுக்கு உது தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை. முதலை வரமுந்தி அவரோடை ஒரு வசனம்தான் கதைச்சனான்."

தாரிகா மறுபடி சிரித்தாள். இந்த முறை அழுகை கலக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் யாருடைய நாயோ சரிந்த வேலிக்குள்ளால் புகுந்து, குரைத்துக்கொண்டு கோடிக்குள் ஓடி வந்தது. மதிலில் நின்றவர்கள் நாயைக் கலைக்க "அடிக், அடிக்" என்று கத்தினார்கள். முதலை பாய்ந்தது. அவ்வளவு கனத்த உடம்பு அப்படிப் பாயும் என்று கனகாம்பிகை நினைத்திருக்கவில்லை. நாய் ஊளையிட்டபடி வாழைக்குள் மறைந்து தப்பிவிட்டது. ஆனால் முதலை திரும்பிய வேகத்தில் வால் கதவில் அறைந்தது. பிளாஸ்ரிக் கதவின் அடிப்பாகம் பிளந்து உள்ளே வளைந்தது.

தாரிகா வீரிட்டாள்.

முதலை பிளந்த இடத்தைப் பார்த்தது. உள்ளே இருட்டு. மெல்ல ஊர்ந்து வந்து மூக்கை அந்தப் பிளவுக்குள் வைத்தது.

அதன் முகம் கதவுப் பக்கம் போய்விட்டதைக் கனகாம்பிகை கண்டாள். நினைத்தால் இப்போது கிணற்றுக்கட்டில் கால் வைத்துக் குசினிப் பக்கம் போய்விடலாம். அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தொட்டிப் பக்கத்துத் தகரம், மழையோடு வந்த காற்றில் ஆணி கழன்று போனதால், சண்முகநாதன் அவசரத்துக்கு இரண்டு சீமெந்துக் கல்லை மேலே பாரம் வைத்துக் கம்பியால் கட்டிவிட்ட தகரம்.

"தாரிகா, அங்கை ஒரு வாளி கிடக்கு. அதைக் கவிழ்த்து இந்தப் பக்கச் சுவரோடை வைச்சிட்டு அதிலை ஏறும். கதவைப் பாக்காதையும். மேலை பாரும். நான் கூரையைத் திறக்கிறன். அண்ணை, குறடு! கம்பி வெட்டக் குறடு!"

சண்முகநாதன் குறட்டைக் கொண்டு ஓடிவந்தார். எறிந்தால் கிணற்றுக்குள் விழும். அவர் தயங்கி நிற்கையில் முத்துக்குமாரு அதைப் பறித்து வாயில் கவ்விக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறினார். ஒரு பக்கம் கிணறு. மறுபக்கம் நாலைந்து அடியில் முதலையின் வால். அவர் வாலையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. நேரே வந்து குறட்டைக் கனகாம்பிகையிடம் கொடுத்தார்.

"நான் உங்களைப் பிடிக்கிறன். நீங்கள் வெட்டுங்கோ."

அவள் தொட்டியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று கூரையை எட்டினாள். அவர் அவளுடைய இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பி இரண்டு இழுப்பில் அறுந்தது. கல்லிரண்டையும் வாழைப் பக்கம் உருட்டித் தள்ளினாள். தகரத்தைத் தோளால் முட்டி விலக்கினாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. கீழே, கவிழ்த்த வாளியின் மேல், தலைக்கவசத்தோடு ஒரு பிள்ளை அண்ணாந்து நின்றது. கதவின் பிளவுக்குள் முதலையின் தலை கண்வரை வந்துவிட்டது.

"கையைத் தாரும். ரெண்டு கையும். முக்கும்... சுவரிலை காலை ஊண்டி நல்லா முக்கும்!"

தாரிகா சுவரில் காலை ஊன்றி எழும்பினாள். தலைக்கவசம் கூரை விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது.

"தலை வந்திட்டுது!" என்று கனகாம்பிகை கத்தினாள். "தலை வந்திட்டுது, இனிப் பயமில்லை! தோளைத் திருப்பும், தோளைத் திருப்பும்... அவ்வளவுதான், வந்திட்டுது!"

மதிலில் நின்ற பெண்களில் பலர் அந்தக் குரலை அதே வார்த்தைகளோடு கேட்டவர்கள். ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றியது.

தாரிகா சுவரின் மேல் வயிற்றால் கிடந்து, வழுகி, கனகாம்பிகையின் மேலேயே வந்து விழுந்தாள். இருவரையும் சேர்த்து முத்துக்குமாரு தாங்கினார். அவளுடைய கால் தொட்டியில் பட்ட அந்தக் கணத்தில் உள்ளே வாளி உருண்ட சத்தம் கேட்டது. கதவின் பிளவால் முதலை முழு உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியாக வாலும் போனது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்தபடி கிணற்றுக்கட்டால் நடந்து குசினிக்கு வந்து சேர்ந்தார்கள். சண்முகநாதன் உட்காரும் கனத்த மர வாங்கு ஒன்றை இழுத்துக்கொண்டுபோய்க் கதவோடு சாய்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தார்.

திணைக்களத்து ஆட்கள் வந்தபோது முதலை இருட்டு மூலையில் அசையாமல் கிடந்தது. திறந்த கூரையால் கயிற்றுச் சுருக்கை இறக்கி வாயைக் கட்டினார்கள். கண்ணுக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டார்கள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் கிடந்தபோது அது பயங்கரமாகத் தெரியவில்லை. களைத்துப்போன, சேறு பூசிய, விலாவில் பழைய தழும்பு உள்ள ஒரு மிருகமாகத்தான் தெரிந்தது.

"இவர் வெள்ளத்திலை வழி தவறி வந்திட்டார்" என்றார் அந்த ஆட்களில் மூத்தவர். "பயந்துபோனால் இருட்டைத் தேடி ஒளிக்கப் பாப்பினம். உங்கடை பிள்ளையைப் பிடிக்கிறதுக்கு இல்லை, ஒளிக்கிறதுக்குத்தான் உள்ளுக்கை போகப் பாத்திருக்கிறார். ஆனால் பிள்ளை உள்ளுக்கை நிண்டிருந்தால் என்ன நடந்திருக்குமெண்டு சொல்லேலாது."

"இதை என்ன செய்வியள்?" என்று தாரிகா கேட்டாள்.

"ஆக்களில்லாத குளமாப் பாத்து விடுவம்."

அவள் கிட்டப் போய், சாக்குக்குக் கீழே மெல்ல ஏறி இறங்கும் அதன் தொண்டையைப் பார்த்தாள். பிறகு, "உள்ளுக்கை ஒரு தவளை நிண்டது. மிதிச்சுப் போடாதேங்கோ" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, தவளை சுவரில் சுகமாக இருக்கிறது என்று சொன்னார்.

லொறி போனது. மதிலில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கனகாம்பிகை முகம் கழுவி, கிழிந்த சேலையை மாற்றி, கைக்குக் கிடைத்த பூப்போட்ட ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். தலைமயிர் விரிந்து கிடந்தது. அதைக் கட்டும் எண்ணமே வரவில்லை. தாரிகாவின் முழங்கையில் தகரம் கீறியிருந்தது. அதைக் கழுவி மருந்து போட்டாள்.

"ஏற்பு ஊசி போடவேணும். நாளைக்கு உரும்பிராயிலை போடுவீரோ, இல்லாட்டி இங்கை கிளினிக்குக்கு வாறீரோ?"

"இங்கை வாறன்" என்றாள் தாரிகா. அவள் ஐந்து வடையைத் தனியே சாப்பிட்டு முடித்திருந்தாள்.

முத்துக்குமாரு கதிரையில் வெறுங்காலோடு இருந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு. அவருடைய முகம் காலையில் படலைக்குள் வந்த ஆளின் முகமாக இல்லை. இறுகிப்போயிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டதுபோல இருந்தது.

"நான் கதைக்கவெண்டுதான் வந்தனான்" என்றார். "என்ன கதைக்கிறதெண்டு நேற்று முழுக்க யோசிச்சும் வைச்சிருந்தன். இப்ப ஒண்டும் ஞாபகமில்லை."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றாள் கனகாம்பிகை.

"வாற ஞாயிறு ஒருக்கா வரட்டோ? மகளையும் கூட்டிக்கொண்டு?"

தாரிகா தலையை ஆட்டினாள். "அப்பா தனிய வரட்டும் அன்ரி. நான் வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் கரண்ட் போனதையும் வெங்காயத்தையும் பற்றித்தான் கதைப்பியள்."

சண்முகநாதன் சத்தமாகச் சிரித்தார். முத்துக்குமாரு காது சிவக்கக் குனிந்து சப்பாத்தைத் தேடினார்.

மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் தேங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்வரை கனகாம்பிகை படலையில் நின்றாள். திருப்பத்தில் தாரிகா ஒருதரம் திரும்பிக் கையைக் காட்டினாள். பிறகு கனகாம்பிகை உள்ளே வந்து குசினிப் படியில் இருந்தாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. புறங்கையால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. தமையன் வந்து பக்கத்தில் இருந்தார்.

"பயந்துபோனியோ?"

"ஓம் அண்ணை. இப்பதான் பயமாக் கிடக்கு."

"இனியென்ன பயம். அது போட்டுது."

"அது போட்டுது" என்று அவளும் சொன்னாள். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் ஊதினாள். ஒருதரம், இன்னொருதரம். அழுகை மெல்ல அடங்கியது. வாழையிலைகளில் வெயில் பட்டு நீராவி கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு சேவல் நேரம் தெரியாமல் கூவியது.

"ஞாயிற்றுக்கிழமை அவர் வரட்டும் அண்ணை" என்றாள் அவள். "எனக்கு விருப்பம்போலத்தான் கிடக்கு."

சண்முகநாதன் எழுந்து, அவளுடைய தலையில் ஒருதரம் கையை வைத்து எடுத்துவிட்டு, கொழும்பில் இருக்கும் மனைவிக்கு எல்லாவற்றையும் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். அவர் முதலையின் நீளத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லும் குரலைக் கேட்டபடியே கனகாம்பிகை அறைக்குள் போய்ப் படுத்தாள். பொழுதுபடும்வரை எழும்பவில்லை.